தண்ணீர் வருமுன்

செத்தாபாக், பதினான்காவது மாடி.
குழாயைத் திறந்தால் ஓர் இருமல்,
அப்புறம் ஒன்றுமில்லை.
காலை ஆறுக்குத்தான் தண்ணீர் என்று
லிப்ட் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

நல்லதாயிற்று, என்றாள் ஒபியாகேலி.
நனைவதற்கு முன்னே அவிழ வேண்டிய தலை இது.

எல்ஆர்டி படியில் மழையன்று சறுக்கி
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
எட்டு வாரத்துப் பின்னல்கள், தொண்ணூற்றொன்று.
ஒற்றைக் கைக்கு அடங்காது.
அதனால் நான்.

என் பெயர் வேணி.
அகராதியைப் புரட்டினால் சடை என்று போட்டிருக்கும்.
தைப்பூசத்தன்று பத்துமலையில்
இறக்கிவைத்துவிட்டு வந்த தலையில்
இப்போது இருப்பது அரை அங்குலம்.
பொருளைச் சொன்னதும்
மாவுக்கட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு
அடுத்த புளோக்குக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.

கத்தரி வைக்குமுன் தடவிப் பார், என்றாள்.
மேலே கனம்.
இறங்க இறங்க மெலிகிறது ஓரிடத்தில்.
அங்கே நான் முடிகிறேன்,
அதற்குக் கீழே கடையில் வாங்கியது.
நான்கு விரல் விட்டு வெட்டு.
சந்தேகமாக இருந்தால் ஆறு விரல்.

முதல் பின்னலுக்கு எட்டு விரல் விட்டேன்.

வால்சீப்பின் முனையை நுழைத்து
ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு.
வேரருகே சாம்பல் நிறத்தில் மிளகளவு முடிச்சு:
தூசி, எண்ணெய், இந்த ஊர் வியர்வை.
விரல்களுக்கு நடுவே கசக்கி உதிர்க்க வேண்டும்.
விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் சிமெண்ட்.
ஒரு தடவை பரீட்சை அவசரத்தில் குளித்துவிட்டு
காதுக்கு மேலே கையகலம் வெட்டி எறிந்தாளாம்.
மூன்று மாதம் தொப்பி.

மொட்டையான நாள் முதல் வேலையற்றுக் கிடந்த
என் தேங்காயெண்ணெய்ப் போத்தல்
மறுபடி திறந்தது.

பன்னிரண்டாவதிலோ பதின்மூன்றிலோ
சீப்போடு வந்தது ஒரு பிடி முடி.
கை நின்றுவிட்டது.
இழுத்துவிட்டேனா, என்றேன்.
அவள் திரும்பவில்லை.
முனையைப் பார், வெள்ளைப் புள்ளி இருக்கிறதா?
இருந்தது.
அப்படியானால் அது எப்போதோ விழுந்தது.
தினம் நூறு விழும் எல்லோருக்கும்.
என்னுடையது விழ இடமில்லாமல்
உள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
இதில் எத்தனையோ
எனக்கும் சடை இருந்த வாரத்தில் விழுந்தவை.

பத்துமலையில் மூன்று நிமிஷம்.
தண்ணீர் தெளித்து, பிளேடு, சந்தனம்,
அடுத்த ஆள்.
எதற்கு நேர்ந்துகொண்டாய் என்று
அவள் ஒருநாளும் கேட்டதில்லை.
நாற்பதாவது பின்னலில் நானே சொன்னேன்.
முழுக்கச் சொன்னேன், பெயர்களோடு.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு அவள்:
சீப்பை நுனியில் வை, வேணி.
வேரிலிருந்து ஆரம்பித்தால் சிக்கு இறுகும்.

நுனியில் வைத்தேன்.
கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம்.
நெற்றியோரப் பிஞ்சு முடிக்கு
சீப்பே கூடாது, விரல்தான்.

கீழே மாமாக் கடையில் வாங்கிய தே தாரிக்
பையிலேயே ஆறியது.
முடிந்த பகுதிகளை அவள் ஒற்றைக் கையால்
தளர்வாகச் சுற்றி கிளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.
இரண்டு மணி.
மூன்று.
பந்தாகச் சேர்ந்த உதிர்முடியை என் மடியில் வைத்து,
உன்னிடமே இருக்கட்டும், உனக்குத்தான் தேவை, என்றாள்.
தூக்கத்தில் சிரித்தோமா
சிரிப்பில் தூங்கினோமா.

கடைசி கிளிப்பை எடுத்ததும்
அத்தனையும் எழுந்தது,
அதுவரை அது உட்கார்ந்திருந்தது என்பதே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.
இன்னும் விடியாத ஜன்னல் கண்ணாடியில்
ஒரு பெருந்தலை, பக்கத்தில் ஒரு சிறுதலை.

குழாய் இருமியது.
பக்கெட்டில் செம்மண் நிறத்தில் முதல் தண்ணீர்.
ஓடட்டும், தெளியட்டும், என்று
பின்கழுத்தைத் தடவியவள்
அப்படியே நின்றாள்.

இரண்டு பாக்கி.